கை ஏந்தும் வேடம்

நான் வாய் கிழியப் பேசுகிற டீச்சர். சிதம்பரத்துக்குக் கிழக்கே ஓர் ஒன்றியப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளை கதைப் புத்தகத்துக்கு. சமத்துவம், நியாயமெல்லாம் பிள்ளைகளுக்குக் கதையில்தான் ஏறும் என்று மீட்டிங்குக்கு மீட்டிங் சொல்வேன். என் மகள் காயத்ரியையும் பிரைவேட் ஸ்கூலுக்கு அனுப்பாமல் இதே வகுப்பில்தான் உட்கார வைத்திருக்கிறேன். அதில் எனக்கு எவ்வளவு திமிர் தெரியுமா!

போன ஆடியில் ஒரு கதை வாசித்தேன். தாகத்தோடு வரும் சிறுமிக்கு டம்ளர் தராமல், அவளைக் கை ஏந்தச் சொல்லி உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றுவாள் ஒரு வீட்டுக்காரி. ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் சிறுமியோடு சேர்ந்து கை ஏந்தி நிற்பார்கள். வீட்டுக்காரி வெட்கப்பட்டு டம்ளரை எடுத்து நீட்டுவாள். வகுப்பே கண் கலங்கியது. உடனே எனக்கு ஆசை வந்துவிட்டது, நாடகமாகப் போடலாமே!

சிறுமியாக இளமதி. காலனியிலிருந்து வருகிற பெண். "அவளுக்கு இயல்பா வரும் சார்" என்று ஹெட்மாஸ்டரிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன், பாவி. வீட்டுக்காரியாக என் மகள். சிதம்பரத்தில் நடந்த வட்டாரப் போட்டியில் முதல் பரிசு. அடுத்து கடலூரில் மாவட்டப் போட்டி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடலூர் போக மூன்று நாள் இருக்கும்போது இளமதி பள்ளிக்கு வரவில்லை. மறுநாளும் இல்லை. சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா கொளஞ்சி அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார்.

"நல்லாத்தான் வந்துக்கிட்டிருந்தா டீச்சர். இப்ப ஸ்கூலுன்னாலே அழுவுறா. நீங்களே கேளுங்க."

இளமதி தலையைத் தூக்காமல் சொன்னாள். "தண்ணி குடிக்கப் போனா, 'டம்ளரத் தொடாத, கைய ஏந்துடி'ங்கிறாங்க டீச்சர். நாடகத்துல சொல்ற மாரியே. எல்லாரும் சிரிக்கிறாங்க."

அதுவரை எங்கள் பள்ளிக் குழாயடியில் ஒரே டம்ளரில்தான் அத்தனை பிள்ளைகளும் குடித்துக்கொண்டிருந்தார்கள். கை ஏந்த வைத்து ஊற்றும் வழக்கம் ஒன்று இருந்ததென்றே பாதிப் பேருக்குத் தெரியாது. நான்தான் ஒத்திகை வைத்து, சொம்பை எவ்வளவு உயரத்தில் பிடிக்க வேண்டும் என்பது வரை சொல்லிக்கொடுத்தேன்.

"எல்லாரையும் நான் கண்டிக்கிறேம்மா. நீ கடலூருக்கு மட்டும் வந்துடு" என்றேன். அப்போதும் எனக்குக் கடலூர்!

"அப்ப நான் ஊத்துறேன் டீச்சர். காயத்ரி கைய ஏந்தட்டும்."

வெள்ளிக்கிழமைதோறும் நான் சொல்லிக்கொடுத்த அதே நியாயம். ஆனால் என் மகள் மேடையில் குனிந்து நிற்பதும், என் மாமியார் வீட்டு ஆட்கள் அதைப் பார்ப்பதும் கண்முன் வந்தன. நாக்கு எழவில்லை. இரண்டு விநாடி இருக்குமா? அதற்குள் அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

"வேணாம் டீச்சர், வுடுங்க. சும்மா கேட்டேன்."

"மாத்திக்கலாம்மா" என்று அப்புறம் சொன்னேன். இளமதி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கடலூருக்கு நாங்கள் போகவில்லை. அவள் வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் வகுப்பில், குழாயடியில் முதலில் அப்படிப் பேசியது யார் என்று அதட்டினேன். காயத்ரி எழுந்து நின்றாள்.

"நீதானம்மா அப்படிச் சொல்லச் சொன்ன?"

திங்கட்கிழமை இளமதி வந்தாள். பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். இன்றுவரை அவள் குழாயடிக்குப் போகவில்லை.