எங்கள் வீட்டில் ‘கொழா வந்துருச்சு’

டக்... டக்... டக்...

பலகைக்குப் பலகை சக்கரம் ஏறி இறங்கும் அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சுனாமி முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பிச்சாவரத்தில், சுரபுன்னைக் காட்டுக்குள் போகும் மரப்பலகைப் பாதை. சக்கர நாற்காலியில் அப்பா. தள்ளிக்கொண்டு அம்மா. கூடவே காலேஜ் லீவில் வந்த நான்.

அம்மா கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சுனாமி அன்று கடலூரில் எங்கள் தெருவில் யாரோ, “தண்ணி வந்துருச்சு... ஓடியாங்க!” என்று கத்தினார்கள். தெருக்குழாயில்தான் தண்ணீர் வந்துவிட்டதென்று அம்மா குடத்தோடு வாசலுக்குப் போனாள்! தெருமுனையில் கறுப்பாக வந்தது கடல். குடத்தைப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்து ஓடிய ஓட்டம்... அப்பா வேலையாகப் பண்ருட்டி போயிருந்தார். தப்பித்தோம்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் அந்த வார்த்தையே கிடையாது. குழாயில் தண்ணீர் வந்தால், “கொழா வந்துருச்சு” என்றுதான் சொல்ல வேண்டும். கடற்கரைப் பக்கம் அம்மா எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

பக்கவாதம் வந்து கால் போன அப்பாதான் பிச்சாவரம் போகலாம் என்று நச்சரித்தார். “படகுல ஏத்த முடியாது. பலகப் பாதைல வண்டி போவுமாம். ஒரு தடவ பாத்துட்டு வந்துடலாம்டி...”

“உங்களுக்காவ வரேன். பாதி தூரந்தான்,” என்றாள் அம்மா.

பலகை இடுக்கில் தண்ணீர் மினுங்கியது. அம்மா குனியவே இல்லை. சேற்றில் ஒரு நண்டு ஓடியதற்கே கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் பயம்தான், வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. அப்பா மட்டும் குழந்தை மாதிரி கொக்கைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கரையிலிருந்து ஒரு பெண்குரல்.

“தண்ணி வந்துருச்சு... ஓடியாங்க!”

அதே வார்த்தை! இரண்டு பக்கமும் மரம், கீழே தண்ணீர், நாற்காலியைத் திருப்ப இடமில்லை. அவசரத்தில் அம்மா இழுத்ததில் சக்கரம் இடுக்கில் மாட்டிக்கொண்டது.

“என்ன உட்டுட்டு புள்ளய கூட்டிக்கிட்டு ஓடு!” அப்பா கத்தினார்.

“வாய மூடிக்கிட்டு உக்காருங்க!”

அப்பாவை அம்மா அதட்டி நான் கேட்டது அன்றைக்குத்தான். நான் சக்கரத்தைத் தூக்க, அவள் பின்பக்கமாகவே நடந்து நாற்காலியை இழுத்தாள். செருப்பு எங்கே போனதென்று தெரியாது. “ஐயோ, ஐயோ” என்று அழுதுகொண்டே இழுத்தாள். கைப்பிடியை மட்டும் விடவில்லை.

கரைக்கு வந்தால்... தண்ணி லாரி! சுற்றி பிளாஸ்டிக் குடங்கள்.

மூச்சிரைக்க நின்ற எங்களை ஒரு அக்கா ஏற இறங்கப் பார்த்தார். “மெதுவா வாங்கம்மா, எல்லாருக்கும் இருக்கு. கொடம் எங்க?”

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. அப்பா அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

இப்போது அப்பா இல்லை. நாற்காலி பரண்மேல் கிடக்கிறது. வீட்டில் மோட்டார், டேங்க் எல்லாம் வந்தாச்சு. போன வாரம் என் மகள் குழாயைத் திறந்துவிட்டு, “பாட்டி, தண்ணி வந்துருச்சு!” என்று கத்தினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா அசையவே இல்லை.

“பயமா இல்லியாம்மா?” என்றேன்.

“வந்தா வரட்டும்டி... இழுத்துக்கிட்டு ஓட இப்ப உங்கப்பா இல்லியே.”