அம்மா பேச்சின் நடுவே வந்த என்டர்கள்

ரீப்ளேஸ் ஆல் அடித்ததற்காக யாரிடமாவது திட்டு வாங்கியிருக்கிறீர்களா? நான் வாங்கினேன், அம்மாவிடம்.

இன்று தாலுகா ஆபீஸ் கூட்டத்தில் உப்பளத்துப் பெண்கள் சார்பாக அம்மா பேச வேண்டும். கேட்கப்போவது ஒரு நிழல் கொட்டகை, ஒரு கழிவறை. போக இடமில்லை என்று தண்ணீரே குடிக்காமல் வேலை செய்கிற கூட்டம் அது.

பேச்சை சங்கத்து அண்ணன் ஒருவர் டைப் செய்து பிடிஎப்பாக அனுப்பினார். அதை எடிட்டரில் காப்பி செய்து, எழுத்தைப் பெரிதாக்கி பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். நேற்று சாயங்காலம் அம்மா சத்தமாகப் படித்துப் பார்த்தாள்.

“எங்க உப்பளத்துல வெயிலுக்கு ஒதுங்க ஒரு.” நிறுத்தினாள். “இடம் கிடையாது. நாங்க குடிக்கிற.” மறுபடி நிறுத்தினாள்.

“ஏம்மா பாதியில நிக்கிற?”

“அதுக்கப்புறம் பேப்பர் வெள்ளையா கிடக்குதேடா. பலகையால உப்பை இழுத்து வார்றப்ப வரப்பு வந்தா நிறுத்த மாட்டோமா?”

வாங்கிப் பார்த்தேன். ஒரு வரி முழுசாக, அடுத்த வரியில் ஒரே வார்த்தை, அப்புறம் காலி. பிடிஎப்பில் வரி முடிந்த இடமெல்லாம் ஒரு என்டர் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

“ரெண்டு நிமிஷம்” என்று பந்தாவாகச் சொல்லிவிட்டு, ரீப்ளேஸ் ஆல் அடித்து எல்லா என்டரையும் ஸ்பேஸாக மாற்றினேன். வண்டியை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். புது பிரின்ட்டை அம்மா மூச்சுவிட இடமில்லாமல் படித்து இருமினாள்.

“எல்லா வரப்பையும் வெட்டி வுட்டுட்டியா? கொட்டகை எங்க முடியுது, கக்கூஸு எங்க ஆரம்பிக்குது? இதுக்குத்தான் காலேஜுக்கு அனுப்பினனா?”

கன்ட்ரோல் இசட். பத்திகளுக்கு நடுவே என்டர் இரண்டிரண்டாக இருந்தது. முதலில் அந்த ஜோடிகளை மட்டும் மூன்று ஸ்டாராக மாற்றினேன். மிச்சமிருந்த ஒற்றை என்டரெல்லாம் ஸ்பேஸ். கடைசியில் ஸ்டாரை எடுத்துவிட்டு அங்கே பழையபடி இரண்டு என்டர். பத்திகள் தனித்தனியாக நின்றன.

“ஏம்பா, ஒரே பேப்பரை எத்தினி வாட்டி எடுப்ப?” என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர்.

பழைய பிரின்ட்களைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. காலையில் அம்மா எதை மடித்துப் பையில் வைத்தாள் என்று பார்க்கவும் இல்லை. கேட்டதற்கு, “பேசாம வாடா” என்றாள்.

கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து போனில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். கால் ஆட்டாமல் இருக்க முடியவில்லை. மைக் அம்மாவிடம் வந்துவிட்டது.

“எங்க உப்பளத்துல வெயிலுக்கு ஒதுங்க ஒரு இடம் கிடையாது.”

பாதியில் நிற்கவில்லை. ஆபீசர் போனைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார்.

பத்தி முடிந்த இடத்தில் நிறுத்தி மூச்சு விட்டுவிட்டு, அம்மா இப்போது இரண்டாவது பத்தியில் இருக்கிறாள்.