டின்பாலுக்காகக் கொழுந்தைக் குறைத்த வாரம்

வெள்ளைக்காரர் ஆட்சியில் அவசரகாலம் போட்டிருந்தபோது எங்கள் தேயிலைத் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, தோட்டக் கடையில் எந்த டின்னையும் உடனே தின்று தீர்க்கும்படி ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள்.

அப்போது துரை ஓர் ஏற்பாடு செய்தார். வாரம் முழுக்க வேலைக்கு வந்தும் கொழுந்து குறைவாக எடுத்து, அதனால் சம்பளம் குறைகிறவர்களுக்கு ஒரு டின்பால் இனாம்.

எங்கள் லயத்து வரிசையில் பக்கத்து வீட்டு அக்காவுக்கு முதல் வாரமே கிடைத்தது. பிள்ளை பெற்று மூன்று மாதம், பாவம், கை ஓடாது. எனக்குக் கை ஓடும், ஆகவே பால் கிடையாது. வயிறு எரிந்தது.

"இந்த வாரம் நானும் மெதுவாத்தான் எடுக்கப் போறேன்" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"உன்னால முடியாது லா" என்றார்.

மெதுவாக வேலை செய்வதைப் போலக் கஷ்டமான வேலை இல்லை. கொழுந்தைக் கண்டால் விரல் தானாகக் கிள்ளிவிடும். இடது கையை முந்தானையில் சுற்றிக்கொண்டேன். நின்ற இடத்திலேயே நின்றதால் அட்டைகள் குடும்பத்தோடு காலில் ஏறின. மூன்றாம் நாள் கங்காணி என் கூடையைத் தூக்கிப் பார்த்தார்.

"முழுகாம இருக்கியாம்மா?"

தலையைக் குனிந்து காலில் இருந்த அட்டையைப் பிடுங்கினேன். சாயந்திரம் வீட்டுக்காரர் முகம் வாடி வந்தார்.

"லயம் முழுக்கத் தெரியுது. எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

உண்மையைச் சொன்னதும் சிரித்துச் சிரித்து அவருக்கு விக்கல் வந்துவிட்டது.

சனிக்கிழமை டின் கிடைத்தது, இரண்டு ஓட்டையோடு. சரிவில் வழுக்கி விழுந்ததில் பாதிப் பாலை என் சேலை குடித்தது. அக்காவுக்கோ அந்த வாரம் டின் இல்லை. பால் குடித்த தெம்பில் நிறையக் கொழுந்து எடுத்துவிட்டாளாம்.

திங்கட்கிழமை, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"டின்பால் கொடுத்தா ஆளுங்க நல்லா வேலை செய்யறாங்களா, சோம்பேறி ஆயிடறாங்களா? துரை கேக்கறாரு."

"அதைக் குடிச்சுத்தான் ஐயா எனக்குக் கை ஓடுது" என்றாள் அக்கா.

"அதைப் பார்த்துத்தான் ஐயா எனக்குக் கை நின்னுபோச்சு" என்றேன் நான்.

கிராணி இரண்டையும் எழுதி, பிறகு இரண்டையும் கோடு போட்டு அடித்தார்.

அடுத்த மாதம் துரை ஏற்பாட்டை மாற்றினார். ஒருநாள்கூடத் தவறாமல் வருகிற எல்லாருக்கும் ஒரு டின். மறுநாளே நான் இரண்டு கையாலும் எடுத்தேன். அப்படியும் அக்கா என்னைவிட மூன்று ராத்தல் கூடுதல்.