அம்மா பங்கு போட்ட மாத்திரைகள்

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் ஓர் உண்மையை மறுக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். உங்களில் பாதிப் பேராவது அம்மாவின் மாத்திரையை ஒரு முறையாவது விழுங்கியிருக்கிறீர்கள். தலைவலி என்று வந்தாலும் கால் குடைச்சல் என்று வந்தாலும் அம்மா தம் மருந்துப் பையைத் திறந்துவிடுவார். "எனக்கு நல்லா கேட்டுச்சு, உனக்கும் கேட்கும். போட்டுக்கோ" என்பார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டியவர் யாருமில்லை.

இந்தப் பழக்கம் அம்மா பிறந்து வளர்ந்த பைராம் தோட்டத்தில் தொற்றியது. அங்கே தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் என்ற மருத்துவ உதவியாளர் ஒருவர்தான் டாக்டர், நர்ஸ் வேலை பார்க்கும் மிஸ்ஸி எல்லாம். காய்ச்சலோ வயிற்றுவலியோ, வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் ஒரே பெரிய பாட்டிலிலிருந்துதான் ஊற்றுவாராம். அந்தச் சிவப்புத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த அம்மாவுக்கு, மருந்து ஆளுக்கு ஆள் மாறும் என்பதில் நம்பிக்கையே வரவில்லை. சோற்றைப் போல அதுவும் இருப்பவர் இல்லாதவருக்குக் கொடுக்க வேண்டிய பொருள் என்றே நினைத்தார்.

கல்யாணமாகி டவுனிலிருக்கும் டத்தோ கிராமாட்டுக்கு வந்தார். அப்பா லாரி ஓட்டினார். தம்பி பள்ளிக்கூடம் போகும் முன்பே அப்பா நோயில் விழுந்து, ஆஸ்பத்திரி வார்டில் காலமானார். எங்களுக்குச் சோறாக்கிப் போட அம்மா வீட்டுக்கு வந்திருந்த நேரம் அது. அப்பாவின் பக்கத்தில் யாருமே இல்லை. அதன்பின் அம்மா துணித் தொழிற்சாலையில் தையல் வேலை பார்த்து அண்ணனையும் என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். எந்தக் கஷ்டத்தையும் வாய்விட்டுச் சொல்லாதவர், அந்த வார்டை மட்டும் மறக்கவே இல்லை.

வேலையை விட்ட பிறகு இனிப்பு நீரும் பிரஷரும் சேர்ந்தே வந்தன. எங்கள் தெருமுனைக் கிளினிக்கில் மாதாமாதம் மருந்து வாங்கினார். கவுண்டரில் எங்கள் மலாய்க்கார அக்காவான காக் ரொஹானா, ஊசி போட மிஸ்ஸி தெரேசா, அறைக்குள் டாக்டர் வாசுகி. இவ்வளவு பேர் பார்த்தும் அம்மாவின் சர்க்கரை இறங்கவே இல்லை. டாக்டர் சோற்றைச் சந்தேகப்பட்டார். நாங்கள் அம்மா ஒளித்துக் குடிக்கும் தேத்தண்ணீரைச் சந்தேகப்பட்டோம். மாத்திரைகளில் பாதி ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா ஒரு நாள் காலையில் அசதியாக இருக்கிறது என்று சொல்லப்போக, அம்மா தம் இனிப்பு நீர் மாத்திரையைக் கொடுத்துவிட்டார். லெட்சுமி அக்காவுக்கு அந்த நோயே கிடையாது. வியர்த்துக் கொட்டி, நாக்குக் குழறி, அப்படியே சாய்ந்துவிட்டார். அண்ணன் காரில் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினார். அம்மாவும் நானும் கூடவே போனோம். மிஸ்ஸி விரலில் குத்தி, சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிட்டார். கையில் ஊசி ஏற்றிக்கொண்டே டாக்டர், "என்ன மருந்து சாப்பிட்டாங்க?" என்று கேட்டார்.

"நான்தான் டாக்டர் குடுத்தேன்" என்றார் அம்மா. "நல்ல மருந்துதான். நீங்க எனக்குக் குடுத்ததுதான்."

"ஐயோ அம்மா! உபாட் தாக் போலே கொங்சி லா!" மருந்தைப் பங்கு போடக் கூடாது என்று காக் ரொஹானா போட்ட சத்தம் வாசல்வரை கேட்டது.

லெட்சுமி அக்காவைப் பொழுது சாயும்வரை அங்கேயே படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அவர் எழுந்து உட்கார்ந்த பிறகுதான் அம்மாவுக்கு உயிர் வந்தது. டாக்டர் அம்மாவைத் திட்டவில்லை. அம்மாவின் ரத்தத்தையும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

"உங்க கிட்னி ரொம்ப பலவீனமா இருக்கும்மா. மருந்த ஊருக்குக் குடுத்துட்டு நீங்க சும்மா இருந்திருக்கீங்க."

அம்மா, "சாவுக்குப் பயமில்ல டாக்டர். எங்க வீட்டுக்காரரு யாரும் பக்கத்துல இல்லாம போயிட்டாரு. நான் போறப்ப என் புள்ளைங்க மூணு பேரும் கூட இருக்கணும். வார்டுல தனியா வேணாம்" என்றார்.

"சத்தியம் பண்ண முடியாதும்மா. என்னால முடிஞ்சத செய்றேன். ஆனா நீங்க ஒழுங்கா மருந்து சாப்பிடணும். யாருக்காவது முடியலன்னா மாத்திரையக் குடுக்காதீங்க, ஆளக் கூட்டிட்டு வாங்க."

இந்தக் கடைசி வார்த்தையை அம்மா பிடித்துக்கொண்டார். அதன்பின் கிளினிக் நாற்காலிகள் நிரம்பின. ஆயர் ஈத்தாமில் இருக்கும் சின்னம்மாவைக்கூட பஸ் ஏறி வரவைத்தார். "அம்மா, கமிஷன் வேணுமா?" என்று காக் ரொஹானா தமக்குத் தெரிந்த தமிழில் கேலி செய்வார். வாயுப் பிடிப்பு என்று நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்த பெரிய மாமாவை அதட்டி அழைத்துப் போனதும் அம்மாதான். அது வாயு இல்லை, இதயம் என்று டாக்டர் கண்டுபிடித்தார். மாமா இதைப் படிக்கிறார் என்று தெரியும். மாமா, சிகரெட்டை இன்னும் விட்டபாடில்லை என்றும் தெரியும்.

அந்தக் கவனிப்பில் அம்மா எங்களுடன் பல ஆண்டுகள் இருந்தார். பேரப்பிள்ளைகளைத் தூக்கினார், தம்பி கல்யாணத்தைப் பார்த்தார். கிட்னி இனித் தாங்காது என்ற நிலை வந்தபோது டயாலிசிஸ் வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னார். அதன் பொருள் என்ன என்பதை டாக்டர் எங்களுக்கு மறைக்காமல் விளக்கினார். மிஸ்ஸி தெரேசா வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் வந்து அம்மாவின் கால் புண்ணுக்குக் கட்டுப் போடுவார். வலிக்கும்போதும் அம்மா அவரிடம் குடும்பக் கதை கேட்டுக்கொண்டிருப்பார்.

கடைசி நாள் காலையில் டாக்டரே அண்ணனைக் கூப்பிட்டார். "இன்னிக்கு யாரும் வேலைக்குப் போக வேணாம். கோலாலம்பூர்ல இருக்கிற தம்பியையும் உடனே வரச் சொல்லுங்க." தம்பி வந்து சேர்ந்த சிறிது நேரத்தில், சாப்பாட்டு இடைவேளையில் டாக்டரும் வந்தார். அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அண்ணன் பயந்துபோய் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனை எடுத்தார். நானும் கூப்பிடு என்றுதான் கத்தினேன்.

"வேணாம் அண்ணே. நான் இருக்கேன்" என்று டாக்டர் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டார். கிளினிக் திறக்கும் நேரம் தாண்டியும் எழவில்லை. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். என் மடியில் தலை வைத்தபடி அம்மா அமைதியாகப் போனார்.

டாக்டர் வாசுகிக்கும் மிஸ்ஸி தெரேசாவுக்கும் காக் ரொஹானாவுக்கும் நாங்கள் எப்படி நன்றி சொன்னாலும் போதாது. காரியங்களைக் கூட நின்று நடத்திய லெட்சுமி அக்கா குடும்பத்தாருக்கும் நன்றி.

இன்னும் சிலருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காகவே இந்த மலரின் சில பிரதிகளைக் கிளினிக்கில் வைக்கிறோம். அன்று மதியம் அங்கே கூட்டம் நிறைந்திருந்ததாம். டாக்டர் எங்கள் அம்மாவின் கட்டிலருகே இருக்கிறார், வர நேரமாகும், அவசரமென்றால் வேறு கிளினிக்குக்குப் போகலாம் என்று காக் ரொஹானா சொன்னாராம். ஒருவரும் எழுந்து போகவில்லையாம். காய்ச்சலோடும் கைக்குழந்தையோடும் உட்கார்ந்திருந்த உங்கள் பெயர்கள் எங்களுக்குத் தெரியாது. டாக்டர் எழுந்து போயிருந்தால் நாங்கள் பயத்தில் அம்மாவை வார்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடியிருப்போம். நீங்கள் காத்திருந்தீர்கள், அம்மா தம் வீட்டில், தம் பிள்ளைகள் நடுவில் போனார்.