இரண்டாம் சரணம்

எர்லீன் பின்னாக் பாதி உலகத்தைச் சுற்றி வந்தவள். ஜப்பானில் பாடியிருக்கிறாள், ஜெர்மனியில் பாடியிருக்கிறாள், கென்யாவில் கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டே பாடியிருக்கிறாள். என்ன பாடினாள் என்று கேட்டால்தான் கொஞ்சம் சங்கடம். 'ஊ' என்று பாடினாள். சில பாட்டுகளில் 'ஆ' என்றும் பாடினாள். முன்னால் நின்று பாடுகிறவருக்குப் பின்னால், இடது ஓரத்தில், ஒரே மாதிரி உடுப்பில் அசைந்துகொண்டு மூன்று பெண்கள் நிற்பார்களே, அவர்களில் நடுவில் நிற்பவள் அவள். பத்திரிகைப் படங்களில் அவளுடைய ஒரு தோள் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் காதும் தெரியும்.

அதைப் பற்றி அவளுக்குக் குறை ஒன்றும் இருந்ததில்லை. ராக்கி பாயிண்ட் மீனவக் கரையில் பிறந்து, சர்ச்சில் பாடிப் பழகி, கையில் ஒரு பையோடு கிங்ஸ்டனுக்கு பஸ் ஏறியவள். டஸ்டியின் இசைக்குழுவில் இடம் கிடைத்ததே பெரிய விஷயம். கச்சேரிக்கு எத்தனை பாடகர்கள் வந்தாலும் வாசிப்பது ஒரே குழுதான். ரெக்கே பாடுகிறவர் போவார், டான்ஸ்ஹால் என்ற புது மோஸ்தர் பாட்டுக்காரன் வருவான், குழு நின்ற இடத்தில் நின்றபடி அத்தனை பேர் பாட்டையும் வாசித்துத் தள்ளும். பாடகர்களுக்குள் ஓயாத சண்டை. 'அவனுக்கு முன்னால் நான் போகமாட்டேன், கடைசியில்தான் போவேன்' என்று ஒவ்வொருவரும் முறுக்கிக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் நிற்கிறவளுக்கு அந்தத் தலைவலி கிடையாது. பாடினோமா, வறுத்த மீனும் மரவள்ளி ரொட்டியும் சாப்பிட்டோமா, தூங்கினோமா என்று அவள் காலம் ஓடியது.

ஒரே ஒரு மகன், ஒஷேன். அவனை வளர்த்தது அப்பா ஹெட்லிதான். அவன் முதல் அடி எடுத்து வைத்தபோது எர்லீன் ஏதோ ஒரு தேசத்தில் 'ஊ' சொல்லிக்கொண்டிருந்தாள். ஹெட்லியும் அவளும் ஒரே வீட்டில் வாழ்ந்தது கொஞ்ச காலம்தான். சண்டை போட்டுப் பிரியவில்லை, அவளுக்கு மேடை, அவனுக்குக் கடல், அவ்வளவுதான். பையனும் அப்பாவைப் போலக் கடலுக்குத்தான் போனான். போன வருஷம் அக்டோபரில் நடுக்கடலில் இருக்கும் பெட்ரோ திட்டுக்கு மீன் பிடிக்கப் போனவன் திரும்பவில்லை. படகு மட்டும் கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியது. உடல் கிடைக்கவில்லை.

உடல் இல்லாத சாவைப் போலக் கொடுமை வேறு இல்லை. எஞ்சின் நின்றுபோய், அலையோடு அடித்துப் போய், ஹோண்டுராஸில் கரையேறி, பல மாதம் கழித்து வீட்டு வாசலில் வந்து நின்ற மீனவர்கள் அந்தக் கரையில் இருக்கிறார்கள். இன்றைக்கும் டோமினோ மேசையில் உட்கார்ந்து அந்தக் கதையைச் சொல்வார்கள். ஹெட்லி அதைப் பிடித்துக்கொண்டான். செத்தவர்களுக்காக ஒன்பதாம் இரவு ஊர் கூடிப் பாடுவார்களே, அதைப் பாட விடவில்லை. சர்ச்சில் இறந்தவர்களுக்கான ஜெபத்தில் பெயரைச் சொல்ல விடவில்லை. பாஸ்டர் பேசப் போனார். "என் புள்ளைக்கு நீங்க குழி தோண்ட வேண்டாம் பாஸ்டர், உங்க வேலையைப் பாருங்க" என்று துரத்திவிட்டான். வேறு இரண்டு மீனவர்களோடு சேர்ந்து வாங்கிய படகில் இப்போதெல்லாம் அவன் போவதில்லை. விடிந்தால் கரையில் போய் நிற்பான், வெயில் ஏறினால் வருவான். எலும்பும் தோலுமாகிவிட்டான். ஊரும் அவன் முன்னால் ஒஷேன் பெயரை எடுப்பதில்லை.

எர்லீனும் சொல்லிப் பார்த்தாள். அவன் எழுந்து போய்விட்டான். அதற்கு மேல் அவளால் என்ன செய்ய முடியும்? அழுதுகொண்டே ஒரு பாட்டு எழுதினாள். வாயால் சொன்னால் எழுந்து போகிறவன், ஊர் முழுக்க நிற்கிற இடத்தில், வீட்டு உயர ஒலிபெருக்கிப் பெட்டிகளிலிருந்து மகன் பெயர் வரும்போது எங்கே போவான்? கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்டால் அழுவான். அழுதால் பிழைத்துக்கொள்வான். இதுதான் அவள் கணக்கு.

தீவைச் சுற்றி ஒரு கச்சேரிப் பயணம் ஏற்பாடானது. ஆறு ஊர், கடைசி ஊர் ராக்கி பாயிண்ட். எர்லீன் டஸ்டியிடம் போய் நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் எதுவும் கேட்டதில்லை.

"ஒரே ஒரு பாட்டு டஸ்டி. முன்னால நின்னு பாடறேன்."

டஸ்டி பாஸ் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு அவள் பாடிக் காட்டியதைக் கேட்டான். ஒஷேன் பெயர் முதல் வரியிலேயே வந்தது. கேட்டு முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டான், பிறகு தொழில்காரனாகிவிட்டான்.

"பாட்டு நல்லாருக்கு மகாராணி. ஆனா எடுத்த எடுப்புல அழ வச்சா ஜனம் பீர் வாங்கப் போயிடும். முதல்ல ஊரைப் பிடி. ஊர்ப் பேரைச் சொல்லு, நெஞ்சை நிமித்து. தாளம் நான் சூடா போடறேன். ரெண்டாவது சரணத்துல பையன் பேரைச் சொல்லு. அப்ப ஒருத்தனும் நகர மாட்டான்."

அவனுக்குத் தெரியாத ஜனமா? எர்லீன் மாற்றி எழுதினாள்.

போர்ட் அன்டோனியோவில் பாடினாள், மான்டேகோ பேயில் பாடினாள். முதல் சரணத்தில் ராக்கி பாயிண்ட் என்று வந்தபோது ஜனங்கள் தலையை ஆட்டினார்கள், இரண்டாம் சரணத்தில் அமைதியானார்கள். மாண்டவிலில் ஒரு பெண் மேடை ஓரம் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முன்பின் தெரியாதவர்களெல்லாம் ஒஷேனுக்காக அழுதார்கள். பக்கத்தில் நின்று பாடும் டான்-மரீ சின்னப் பெண், அவள்கூடக் கேட்டாள்: "மிஸ் எர்லீன், ஒஷேனோட அப்பா கேட்டா தாங்குவாரா?"

"தாங்காம எங்க போறது? எல்லாரும் தாங்கலையா?"

ராக்கி பாயிண்டில் சுதந்திர தின விடுமுறைக்குப் பகல் கச்சேரி. கடற்கரையிலேயே மேடை. ஆறரை மணிக்குச் சத்தம் நிற்க வேண்டும் என்பது அனுமதிச் சீட்டில் இருந்த நிபந்தனை. நட்சத்திரப் பாடகருக்கு விமானம் பிடிக்க வேண்டியிருந்ததால் முன்னாலேயே பாடிவிட்டுப் போய்விட்டார். டஸ்டி சிரித்துக்கொண்டே வந்தான்.

"உனக்கு யோகம் மகாராணி. கச்சேரியை முடிச்சு வைக்கப்போறது நீதான். வெட்டுக்குத்து பண்ணாலும் இந்த இடம் எவனுக்கும் கிடைக்காது."

எர்லீன் மேடையிலிருந்து கூட்டத்தைத் தேடினாள். ஹெட்லி வந்திருந்தான். சலவை வெள்ளைச் சட்டை, தோளில் தொங்கியது. ரம் கடை ஓரமாக, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் வந்ததே போதும் என்றிருந்தது அவளுக்கு. டஸ்டி தாளத்தை ஆரம்பித்தான். அவள் பாடத் தொடங்கினாள்.

*ராக்கி பாயிண்ட்ல பொறந்தவ நான், உப்புத்தண்ணி குடிச்சவ நான்,
எவனா இருந்தாலும் ஒதுங்கி நில்லு, எங்க படகு வருது!*

அவ்வளவுதான். கரை வெடித்தது. சட்டி மூடிகள் மோதின, தகரத்தில் கைகள் அறைந்தன, ஊதுகுழல்கள் கதறின. "திருப்பு! திருப்புடா! முதல்லேர்ந்து!" பாட்டு பிடித்துப்போனால் அதை ஓட விடமாட்டார்கள். நடுவில் நிறுத்தி முதலிலிருந்து வாங்குவார்கள். ஒரு பாடகருக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. நிறுத்தாமல் பாடிக்கொண்டே போனால் அது கூட்டத்தை அவமதிப்பது. அறிவிப்பாளர் மேடைக்குள் ஓடி வந்து கையை வீசினார், டஸ்டி தாளத்தை நிறுத்தினான். இத்தனை வருஷமும் அடுத்தவர்களுக்குக் கிடைக்கப் பின்னால் நின்று பார்த்த மரியாதை. எர்லீனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பொய் சொல்வானேன், அந்த ஒரு நிமிஷம் அவள் மகனையே மறந்துவிட்டாள்.

மறுபடி தொடங்கினாள். 'எங்க படகு வருது' என்று முடிப்பதற்குள் மறுபடி வெடித்தது.

"எங்க ஊரு பொண்ணுடா! திருப்பு!"

மூன்றாவது முறை நிறுத்தியபோது அவள் அறிவிப்பாளரின் கையைப் பிடித்தாள். "போதும்பா, முழுசாப் பாட விடு."

அவர் ஒலிவாங்கியை வாயில் வைத்துக்கொண்டார். "அம்மா என்ன சொல்றாங்க தெரியுமா? முழுசாப் பாட விடுங்கறாங்க! விடலாமா?"

"விடாதே!" என்று கரை முழுக்கச் சிரித்தது. அன்புதான். அத்தனையும் அன்பு. யாரிடம் போய்க் கோபித்துக்கொள்வது?

அவள் டஸ்டியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் உதட்டைப் பிதுக்கினான், அவன் கையிலும் ஒன்றும் இல்லை. நான்காவது முறை அவள் முதல் சரணத்தையே விட்டுவிட்டு நேராக இரண்டாவதற்குத் தாவப் பார்த்தாள். 'ஒ' என்று வாயைத் திறந்தாள். ஆனால் கூட்டம் அவளுக்கு முன்னால் ராக்கி பாயிண்ட் என்று பாட ஆரம்பித்துவிட்டது. ஆயிரம் தொண்டைக்கு எதிராக ஒரு தொண்டை என்ன செய்யும்? அந்த ஆயிரத்தில் ஹெட்லியின் தொண்டையும் இருந்தது. கட்டிய கைகளை அவிழ்த்துவிட்டு, ஒரு தகர மூடியை எங்கிருந்தோ பிடுங்கி, ரம் கடைச் சுவரில் அறைந்துகொண்டிருந்தான்.

போலீஸ் சார்ஜன்ட் மேடை ஓரத்தில் வந்து நின்று கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அவரும் நல்ல மனிதர்தான், கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுத்தான் கையைத் தூக்கினார். பெட்டிகள் ஊமையாயின. எர்லீன் செத்துப்போன ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டு, வெறும் தொண்டையில், மேடை விளிம்பில் நின்று பாடினாள்.

*ஒஷேன், என் மகனே, கடல் உன்னை வச்சுக்கிச்சு,
அப்பாகிட்ட நான் சொல்றேன், இனிமே கரையில நிக்க வேணாம்...*

பக்கத்தில் நின்ற டான்-மரீக்குக் கேட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். வேறு யாருக்கும் கேட்கவில்லை. கீழே சட்டி மூடிகள் இன்னும் அடித்துக்கொண்டிருந்தன.

படியில் இறங்கியதும் ஆளாளுக்குக் கட்டிப்பிடித்தார்கள். யாரோ மாலை மாதிரி கைக்குட்டையைக் கழுத்தில் போட்டார்கள். "நாலு தடவை திருப்பினாங்க மகாராணி, இந்த டூர்ல அந்த நட்சத்திரத்துக்கே ரெண்டுதான்" என்றான் டஸ்டி. சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தவன், தலையைக் குனிந்துகொண்டு வயர்களைச் சுருட்டப் போய்விட்டான்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஹெட்லி வந்தான். வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. ஏறக்குறைய ஒரு வருஷமாக யாரும் பார்க்காத சிரிப்பு அந்த ஒட்டிய முகத்தில் இருந்தது. அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"ஏய் எர்லீன்! கொன்னுட்ட போ! 'எங்க படகு வருது'ன்னியே, எனக்குத்தானே சொன்ன? எனக்குத் தெரியும் நீயும் நம்பறேன்னு. வெளிய சொல்லலை, அவ்வளவுதான்."

"ஹெட்லி..."

"பையன் வந்ததும் முதல் வேலையா இதைத்தான் சொல்லப்போறேன். உங்கம்மா பாடினதைக் கேக்காம எங்கடா ஊர் சுத்தினேன்னு கேக்கப்போறேன். தலையில அடிச்சுக்குவான் பாரு."

அவள் வாயைத் திறந்தாள். இப்போது தாளமும் இல்லை, கூட்டமும் இல்லை, தடுக்க யாருமே இல்லை. அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான், சிரிப்பு மாறாமல்.

"ஆமா," என்றாள் எர்லீன். "தலையில அடிச்சுக்குவான்."