ஐம்பத்து நாலாம் நம்பர் சட்டை

அந்தச் சட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் எல்லோருமே பெண்கள். புஷ்பவல்லி முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஹூஸ்டனிலிருந்து மேற்கே ஃப்ரீவேயைப் பிடித்துப் போனால், மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே ஒரு சின்னக் கல்லூரி வரும். அதன் ஃபுட்பால் அணிக்கு நூறு வயது ஆகப்போகிறது என்று கண்காட்சி வைக்கத் தீர்மானித்திருந்தார்கள். ஃபுட்பால் என்றால் நம் ஊரில் காலால் உதைப்பது அல்ல. முட்டை மாதிரி இருக்கிற பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓட, மற்றவர்கள் உடம்பாலேயே முட்டி அவனைச் சாய்க்கிற ஆட்டம். பழைய ஆட்டக்காரர்களின் சட்டைகளும் ஹெல்மெட்டுகளும் வீடுகளிலிருந்து வந்துகொண்டிருந்தன. அவற்றை வாங்கி, அலசி, கிழிசலைத் தைத்து, பொம்மைகளுக்கு மாட்டிவிடுவது வல்லியின் வேலை.

பெருந்துறைப் பக்கத்துக்காரி. கோயம்புத்தூரில் டெக்ஸ்டைல் படித்துவிட்டு, பைப்லைன் கம்பெனி இன்ஜினியர் சேனாபதியைக் கட்டிக்கொண்டு டெக்சஸ் வந்தவள். கிரீன் கார்டு கைக்கு வருவதற்குள் நாற்பது நெருங்கிவிட்டது. கல்லூரியின் சாமான் அறையில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து apply பண்ணினாள். அன்றிலிருந்து வீரர்களின் சட்டை, உள்ளே தோளுக்கு மாட்டுகிற பேடு, ஹெல்மெட் எல்லாம் அவள் பொறுப்பு. இந்தியக் கடைகள் நிறைந்த ஹில்க்ராஃப்டில் மளிகை வாங்கும்போது தெரிந்தவர்கள் யாராவது, "ஃபுட்பால் டீமுக்குத் துணி துவைக்கிறீங்களாமே ஆன்ட்டி?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். "ஆமா கண்ணு, ஒவ்வொரு சட்டையும் உன்னைவிட வெயிட்டு," என்பாள்.

அவளுக்கு அந்த ஆட்டம் பிடிக்கும். மகன் கவின் ஹைஸ்கூலில் லைன்பேக்கர், அதாவது ஓடி வருகிறவனை நேருக்கு நேர் மோதி நிறுத்துகிறவன். வெள்ளிக்கிழமை ஆட்டங்களில் அவன் யாரையாவது சாய்த்தால், வெள்ளைக்காரத் தாய்மார்களின் கூச்சலுக்கு மேலே வல்லியின் குரல்தான் கேட்கும்.

பழைய சட்டைகள் தடித்த பருத்தி. நீளக் கை, முழங்கையில் ஒட்டுத் துணி. எழுபதுகளில் வந்த சில சட்டைகள் வேறு மாதிரி. பிடித்து இழுத்தால் கையோடு கிழிந்து வந்துவிடும். சட்டையைப் பிடித்தவன் துணியோடு நிற்க, ஆள் தப்பி ஓடிவிடுவான். அதற்கென்றே நெய்த துணி. ஆனால் வல்லியை நிறுத்தி வைத்தவை ஹெல்மெட்டுகள்தான். உள்ளே நான்கைந்து பட்டைகள், அவ்வளவுதான் பாதுகாப்பு. முன்நெற்றியில் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பெயிண்ட் தடங்கள். எதிரணி ஹெல்மெட்டுகளின் நிறம், மோதி மோதி ஒட்டிக்கொண்டது. அந்தக் காலத்தில் அதைத் துடைக்க மாட்டார்களாம், பெருமையாம்.

"இதை மட்டும் கழுவிடாதே," என்றாள் டோரத்தி ஹாஸ்கெல், ஒரு ஹெல்மெட்டை மேஜைமேல் வைத்துவிட்டு. எழுபது தாண்டியவள், மெலிந்த உடம்பு. கூடவே ஐம்பத்து நாலாம் நம்பர் சட்டையும் கொண்டுவந்திருந்தாள். கணவர் ஏர்ல் அதைப் போட்டு ஆடியவர்.

"அவரே வந்து கொடுத்திருக்கலாமே?" என்றாள் வல்லி, பேச்சுக்காக.

டோரத்தி சட்டையின் கையை மடித்து விட்டாள். "கண்காட்சி முடிஞ்சதும் எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். நீங்களே வெச்சுக்கோங்க," என்றாள்.

போன வாரம் வந்தவளும் அதையேதான் சொன்னாள். அதற்கு முன் வந்தவளும். ஒருத்தியின் கணவன் முதியோர் ஹோமில் இருந்தான். ஒருத்தியின் கணவன் தன் வீட்டு வாசலிலேயே வழி தெரியாமல் நின்றான். இன்னொருத்தி தன் கணவன் எப்படி இறந்தான் என்று கேட்டதும் பேச்சை மாற்றினாள். கணவர்கள் எல்லோரும் ஒரே அணி, ஏறக்குறைய ஒரே வயது. வயசானால் வருவதுதானே என்று வல்லி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்ன பிறகும் அந்த ஹெல்மெட்டுகளைக் கையில் எடுக்கும்போது நெற்றிப் பக்கம் விரல் படாமல் எடுத்தாள்.

திறப்பு விழா அன்று டோரத்தி ஏர்லைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆறடிக்கு மேல் உயரம், கோட்டு, மழமழவென்று சவரம் செய்த முகம். வல்லியின் கையை இரண்டு கையாலும் பிடித்து, "நீதான் என் சட்டையைத் தைச்சவளா?" என்று கேட்டார். குழந்தையிடம் பேசுவதுபோல அவ்வளவு இதமான குரல்.

வல்லி அவரை உள்ளே அழைத்துப் போனாள். ஒரு பொம்மை, மைதானத்தில் பாயப்போகிறவன் மாதிரி குனிந்து, அந்த ஐம்பத்து நாலாம் நம்பர் சட்டையிலும் ஹெல்மெட்டிலும் நின்றது. அப்படி நிறுத்தியது வல்லிதான். அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது.

ஏர்ல் நின்றார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாகக் குனிந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றினார்.

"ஏர்ல்," என்றாள் டோரத்தி. "ஏர்ல், வேண்டாம்."

அந்த வயதில் ஒரு மனிதன் அத்தனை வேகமாகப் பாய முடியும் என்று வல்லி நினைத்ததில்லை. இடையில் நின்ற அவளைத் தள்ளிக்கொண்டே போய்ப் பொம்மையில் மோதினார். பின்னாலிருந்த கண்ணாடிப் பெட்டி நொறுங்கியது. வல்லி தரையில் கிடந்தாள். தோள்பட்டையில் ஏதோ விலகிய வலி. நெற்றியில் ரத்தம் வழிய ஏர்ல் எழுந்தார். மோதுவதற்கு அடுத்த ஆள் எங்கே என்று தேடுகிற மாதிரி கூட்டத்தைப் பார்த்தார். பிறகு அவர் கண் வல்லிமேல் விழுந்தது.

"அடடா, உன்னை யார் அடிச்சது?" என்று கேட்டார்.

ஆம்புலன்ஸ் வரும்வரை டோரத்தி வல்லியின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். "ஐம்பது வயசு வரைக்கும் அவர் ஒரு ஈயைக்கூட அடிச்சதில்லை," என்றாள். "அப்புறம் ஒருநாள் சமையலறையில என் கழுத்தைப் பிடிச்சார். ஆரம்பம் அது இல்லை. ஆரம்பம் என்ன தெரியுமா? சொன்னதையே சொல்லுவார். சின்ன வயசிலேயே. நாங்க சிரிப்போம்."

தோளில் கட்டோடு வல்லி வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. கவின் அறையில் மட்டும் திரை இழுத்து விடப்பட்டிருந்தது. அவன் கண்ணை மூடிப் படுத்திருந்தான். விளக்கைப் போட்டாள், அவன் கையால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

"அம்மா, ப்ளீஸ். லைட் ஆஃப்."

"என்னாச்சு கண்ணு?"

"நத்திங். ஃப்ரைடே கேம்ல கொஞ்சம் ஹிட் ஆச்சு. டோன்ட் டெல் கோச், ஓகே?"

"இது எத்தனாவது தடவை?"

அவன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தான். வல்லி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்த வெள்ளிக்கிழமை அவன் மோதியபோது தானும் எழுந்து நின்று கத்தியது அவளுக்கு ஞாபகம் வந்தது.

சேனாபதியிடம் சொன்னாள். அவன் பொறுமையாகத்தான் கேட்டான். "ஏனுங்க, இதோட நிறுத்திக்கலாமுங்க," என்றாள்.

"அந்த மனுசன் காலம் வேற, வல்லி. அன்னைக்கு ஹெல்மெட்டுக்குள்ள வெறும் பட்டைன்னு நீதான சொன்ன? இன்னைக்கு எவ்வளவு டெக்னாலஜி! உன்ற காலேஜே அவனை டீமுக்குக் கூப்பிடுது. நம்ம ஜனத்துல எவன் பையன் காலேஜ் டீம்ல ஆடியிருக்கான், சொல்லு?"

பேசிப் புரியவைக்க முடியாததைக் கண்ணால் பார்க்கட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கவினைக் காரில் ஏற்றி ஏர்ல் வீட்டுக்குப் போனாள். டோரத்தியிடம் முன்கூட்டியே போனில் கேட்டிருந்தாள், அவளும் சம்மதித்திருந்தாள்.

அன்று பார்த்து ஏர்ல் தெளிவாக இருந்தார். வாசலிலேயே கவினைத் தோளோடு அணைத்து, "லைன்பேக்கரா? உன் கழுத்தைப் பார்த்தாலே தெரியுதே!" என்றார். ஐஸ் டீ கொடுத்தார். சேற்றில் ஆடிய ஒரு ஆட்டத்தைப் பற்றி, காலில் அடிபட்டும் நொண்டிக்கொண்டே ஓடிய நண்பனைப் பற்றி, சட்டை கிழிந்து வெறும் பேடோடு மைதானத்தில் நின்றதைப் பற்றிச் சொன்னார். கவின் விழுந்து விழுந்து சிரித்தான். டோரத்தி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கழுத்தில் கட்டியிருந்த ஸ்கார்ஃப் அந்தச் சூட்டுக்குப் பொருந்தவே இல்லை.

திரும்பும் வழியில் கவின் சொன்னான்: "ஹி இஸ் ஆஸம், அம்மா. நானும் ஃபிஃப்டி ஃபோர் கேக்கப் போறேன்."

வல்லி ஃப்ரீவேயைப் பார்த்து drive பண்ணிக்கொண்டிருந்தாள். தான் ஏதோ ஒரு கதவைத் தவறான பக்கம் தள்ளித் திறந்துவிட்டோம் என்று தோன்றியது.

வல்லியின் கல்லூரி அணியில் சேர்ந்தபோது அவன் கேட்ட நம்பரே கிடைத்தது. இரண்டு வருடம் ஆடினான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் அவன் ஹெல்மெட்டின் உள்பைகளில் காற்றடித்துச் சரிபார்த்தது வல்லிதான். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அதன் நெற்றியில் ஒட்டியிருந்த நிறங்களை ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்து எடுத்ததும் அவள்தான். இடையில் ஏர்ல் இறந்த செய்தி வந்தது. சவ அடக்கத்தில் டோரத்தி அழவில்லை. ரொம்ப நாள் தூங்காதவள் மாதிரி நாற்காலியில் சாய்ந்திருந்தாள்.

இரண்டாம் வருடக் கடைசியில் ஒரு ஆட்டம். கவின் ஒருவனை மோதிச் சாய்த்தான். கூட்டம் எழுந்து கத்தியது. அவனும் எழுந்தான், கையைத் தட்டிக்கொண்டான், பிறகு நிதானமாக நடந்து எதிரணியின் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். அங்கிருந்த பையன்கள் சிரித்தார்கள். கூட்டமும் சிரித்தது.

வல்லி மைதானத்துக்கு நடுவே ஓடினாள். ஊழியர்கள் ஓரக்கோட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. ரெஃப்ரி விசிலடித்தார், யாரோ கையைப் பிடித்தார்கள், அவள் உதறினாள். கவின் முன்னால் மண்டியிட்டு அவன் ஹெல்மெட்டின் பட்டையை அவிழ்த்தாள்.

"கண்ணு, நான் யாரு?"

அவன் அவளையே பார்த்தான். நீண்ட நேரம் பார்த்தான். பிறகு, "மிஸ் வல்லி," என்றான். அணிப் பையன்கள் அவளைக் கூப்பிடுகிற பெயர் அது.

அன்றோடு ஆட்டம் முடிந்தது. டாக்டர் சொன்னார் என்பதற்காக அல்ல. அவர் கொஞ்ச நாள் ஓய்வு என்றுதான் சொன்னார். முடித்து வைத்தவள் வல்லி. கோச்சின் அறைக்குப் போய், அவன் ஹைஸ்கூலில் மறைத்த அடிகளையெல்லாம் சொல்லிவிட்டு, அவன் சாமான்களைத் தானே திருப்பி வைத்தாள். கவின் அவளிடம் பல மாதம் பேசவில்லை. சேனாபதி மட்டும் ஒருமுறை, "நான் அன்னைக்கே உன்ற பேச்சைக் கேட்டிருக்கணும்," என்றான், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

கவின் படித்து முடித்தான். இப்போது சான் ஹோசேயில் நல்ல வேலை. கோபமெல்லாம் போய்விட்டது. ஞாயிறுதோறும் கூப்பிடுகிறான், நன்றாகச் சாப்பிடுகிறான், சிரிக்கிறான். எந்த ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை; மோதி மோதி மூளையில் வருகிற அந்த நோயை உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஸ்கேனில் பார்க்க முடியாது என்றும் ஒரு டாக்டர் சொல்லிவிட்டார். வல்லி சாமான் அறை வேலையை விட்டுவிட்டாள்.

போன ஞாயிறு கார் வாங்கியதைச் சொன்னான். எந்த டீலர், என்ன கலர், என்ன பேரம், பின்சீட் எவ்வளவு அகலம், எல்லாம் சொன்னான். வல்லிக்குச் சந்தோஷம். பேச்சு மழைக்கும் சேனாபதியின் முட்டிவலிக்கும் போயிற்று. பிறகு அவன் கேட்டான்:

"அம்மா, டிட் ஐ டெல் யூ? நான் கார் வாங்கிட்டேன்."

வல்லி போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பையன்கள் எல்லோரும் இப்படித்தான், வேலை டென்ஷன், மறதி என்று மனசு அவசரமாக ஏதேதோ சொன்னது.

"அப்படியா கண்ணு!" என்றாள். "என்ன கலர்?"

"நீலம்," என்றான், முதல் தடவை சொன்ன அதே சந்தோஷத்தோடு.