வெப்சைட்டுக்குப் போன் போடுங்க

போன வாரம் ஒரு வெப்சைட்டைக் காலி செய்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வர ஜவ்வாது மலைக்குப் போயிருந்தேன்.

வெப்சைட்டில் ஏற்றுவதற்கு என்ன இருக்கும் என்கிறீர்களா? இருக்கிறதே... ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு டேபிள் ஃபேன் — அப்புறம் மல்லிகா.

மல்லிகா மலைப் பெண். திருப்பத்தூரில் பி.சி.ஏ. படித்தபோது எங்கள் வீட்டு மாடியில் தங்கியிருந்தாள். என் மனைவியை அக்கா என்பாள்; அந்த முறையில் நான் மாமா. கூடப் படித்தவர்கள் எல்லாம் பெங்களூருக்கு பஸ் ஏற, இவள் மட்டும் ஜமுனாமரத்தூருக்கு ஏறினாள். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. கூடவே, மலைக்கென்று ஒரு வெப்சைட்.

எந்த ரோட்டில் மரம் விழுந்திருக்கிறது, எந்த ஊருக்கு ஜீப் போகிறது, ஆஸ்பத்திரியில் டாக்டர் இருக்கிறாரா, சாமை என்ன விலை, புளி வியாபாரி எப்போது வருகிறார் — எல்லாம் அதில் இருக்கும். தினமும் காலையில் டிரைவர்களையும் கடைக்காரர்களையும் விசாரித்து ஒவ்வொன்றாகப் போடுவாள். அவ்வளவு ஒழுங்காக நான் இந்தப் பத்தியைக்கூட எழுதுவதில்லை. எங்கள் ஆசிரியருக்குத் தெரியும்.

இதற்கெல்லாம் சோறு போட்டது ஒரே ஒரு விளம்பரம். திருப்பத்தூரில் கட்டில், பீரோ கடை வைத்திருக்கும் ரஹீம் பாய் கொடுத்தது. அறிமுகம் செய்து வைத்தவன் அடியேன். ஜெராக்ஸில் வருவது கடை வாடகைக்குச் சரியாகிவிடும். பாயின் விளம்பரத்தில்தான் வெப்சைட்டும் ஓடியது, மல்லிகாவின் வீடும் ஓடியது.

கொஞ்ச நாள் முன்பு பாயின் மருமகப் பிள்ளை, வெப்சைட்டை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று தோண்டி எடுத்துக் காட்டியிருக்கிறார். பாய் என்னைக் கூப்பிட்டார். "இன்னா சார் இது... இத்தப் பாக்கறவங்க எல்லாரையும் ஒரே ஜீப்ல ஏத்திடலாம் போல கீதே."

விளம்பரம் நின்றது. மல்லிகா திருப்பத்தூரிலும் செங்கத்திலும் கடை கடையாக ஏறி இறங்கினாள். எல்லாரும் டீ வாங்கிக் கொடுத்தார்கள். விளம்பரம் மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

பாய் கெட்ட மனிதர் இல்லை. "நம்ம கடைல பில்லு போட ஆள் வேணும். அந்தப் பொண்ண வரச் சொல்லுங்க" என்றார். நல்ல சம்பளம்தான். ஆனால், மல்லிகாவின் கணவர் கோவிந்தன் சாமை விதைக்கிறவர். நிலத்தை விட்டு இறங்க முடியாது. மகள் அங்கேயே மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். திருப்பத்தூரில் வேலை என்றால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் பெற்ற பிள்ளையைப் பார்க்கலாம்.

போனில் "சரி மாமா, வர்றேன்" என்றாள். குரலில் உயிரே இல்லை. நல்லது செய்கிறோமா, கெடுதல் செய்கிறோமா என்று எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பாய் தன்னுடைய மினி லாரியையே எடுத்துக்கொண்டு வந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மல்லிகா மெஷினைத் துணி போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். முதல் நாளே வெப்சைட்டில் அறிவிப்புப் போட்டுவிட்டாளாம் — 'இத்துடன் எங்கள் சேவை நிறுத்தப்படுகிறது. இதுவரை ஆதரவளித்த அனைவருக்கும் நன்றி.'

"ஸ்கூல் வரைக்கும் போய்ட்டு வந்துடறேன் மாமா. பாப்பாகிட்ட இன்னும் சொல்லல. போன் சார்ஜ்ல கீது... அடிச்சா விட்ருங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அவள் தலை மறைந்ததும் போன் அடித்தது.

நான் விட்டுவிட்டேன். மறுபடி அடித்தது. அடிக்கிற போனைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க எந்த வியாபாரியால் முடியும்? மூன்றாவது தடவை பாய் எடுத்தே விட்டார். ஸ்பீக்கரிலும் போட்டார்.

"வெப்சைட்டுங்களா?"

பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். "ஆமா... சொல்லுங்க" என்றார் பாய்.

"நெல்லிவாசல் ரோட்ல மரம் வுழுந்துச்சே, எடுத்துட்டாங்களா? மத்தியானம் ஜீப்பு வருதுங்களா?"

பாய் போனைக் கையால் மூடிக்கொண்டு, "சார், ஓடிப் போய்க் கேட்டுட்டு வாங்க" என்றார். ஏதோ என்னைச் சம்பளத்துக்கு வைத்திருப்பவர் போல. நானும் ஓடினேன்.

ஜீப் ஸ்டாண்டில் மரத்தை எடுத்தாகிவிட்டது என்றார்கள். திரும்பும்போதுதான் அதைப் பார்த்தேன். நின்றிருந்த ஜீப்புகளின் பின்பக்கம், ஸ்டெப்னி டயருக்கு மேலே, பெரிய எழுத்தில்: 'மலை வெப்சைட்'. அதற்குக் கீழே மல்லிகாவின் போன் நம்பர்.

"இதுல வெப்சைட் அட்ரஸ்தானே எழுதணும்?" என்று டிரைவர் ஒருவரிடம் கேட்டேன்.

"அத்தத்தான் எழுதச் சொல்லுச்சு அந்தப் பொண்ணு. அம்மாம் நீளத்துக்கு இங்கிலீஷ்ல எழுத டயரு எங்க எடம் வுடுது? பெயின்ட்டரே சுருக்கி நம்பர எழுதிட்டாரு. எங்க ஊருங்கள்ல நெட்டு ஏதுங்க... பாறை மேல ஏறினா பேசலாம், அவ்ளோதான். எதுனா தெரியணும்னா வெப்சைட்டுக்குப் போன் போடுவோம்."

ஆக, மலை முழுக்க வெப்சைட் என்றால் என்ன? அது ஒரு பெண். போன் போட்டால் எடுக்கும். கேட்டால் சொல்லும்.

நான் மூச்சு வாங்கக் கடைக்குத் திரும்பினால், பாய் அடுத்த ஆளோடு பேசிக்கொண்டிருந்தார். டாக்டர் இருக்கிறாரா? மறுபடி ஓடினேன். புளி வியாபாரி வந்தாச்சா? மறுபடி. இந்தத் தொந்தி இவ்வளவு ஓடிப் பல வருஷம் ஆகிறது. பாய் மட்டும் ஃபேன் காற்றில் கலெக்டர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கடைசியாக ஒருவர் கேட்டார். "எப்பவும் பேசற பொண்ணு இல்லீங்களா? நீங்க யாருங்க?"

"நான் திருப்பத்தூர்ல பீரோ கடை வச்சிருக்கேன்."

"அப்படீங்களா? ரெண்டு கதவு பீரோ இன்னா வெலைங்க? தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன்."

பாய் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். விலை பேசினார். கட்டிலும் சேர்த்து எடுத்தால் வீடு வரைக்கும் கொண்டுவந்து போடுவதாகச் சொன்னார். அவரும் சரி என்றார். வைத்துவிட்டுப் பாய், அதுவரை வந்த போன்களை விரல்விட்டு எண்ணினார்.

மல்லிகா திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஏம்மா, இத்தனி போன் வருதுன்னு எங்கிட்ட சொல்லவே இல்லியே?" என்றார் பாய்.

"போன் வந்தா அது கணக்குல வராதே பாய். சைட்டப் பாத்தாதானே கணக்கு..."

எவ்வளவு பெரிய அநியாயம் பாருங்கள். தவறிப்போய் விரல் பட்டுத் திறந்தவரெல்லாம் கணக்கில் வருகிறார். பாறை மேல் ஏறி நின்று அழைக்கிறவர் வருவதில்லை. மல்லிகாவே அப்படித்தான் நினைத்திருந்தாள் என்பதில்தான் எனக்கு மனசு கனத்துப் போனது. காலை முதல் மாலை வரை செய்த வேலையைத் தானே வேலையென்று எண்ணாமல் இருந்திருக்கிறாள்.

பாய் உடனே பேரத்துக்கு வந்துவிட்டார். விளம்பரம் தொடரும். ஆனால், போனை எடுத்ததும் முதலில் அவர் கடைப் பெயரைச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் பதில்.

வேறு வழியில்லாத பெண். இன்றைக்கு வேண்டாம் என்றால் நாளைக்கு பில் கவுன்டர். தலையாட்டிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"முடியாது பாய்" என்றாள். "புள்ளைக்கு ஜொரம், டாக்டர் கீறாரான்னு கேக்கறாங்க. அவங்ககிட்ட மொதல்ல பீரோவா? கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு, அப்பறம் உங்க கடையச் சொல்றேன். அதுவும், அவசரத்துல கீறவங்ககிட்ட சொல்ல மாட்டேன். சம்மதம்னா சொல்லுங்க. இல்லாங்காட்டி மெஷின வண்டில ஏத்திக்கலாம்."

பாய் தாடியைத் தடவினார். கட்டி வைத்த மெஷினைப் பார்த்தார். பிறகு எழுந்து போய், அவரே அந்தத் துணியை அவிழ்த்தார்.

வண்டி காலியாகத்தான் கீழே இறங்கியது. பெரிய லாபமெல்லாம் இல்லை; ஆனால், மகளை விட்டுப் பிரிய வேண்டியதில்லை.

நேற்று மல்லிகாவிடம் பேசினேன். சைட்டில் போட்ட அறிவிப்பை எடுத்துவிட்டாயா என்று கேட்டேன்.

"யாரு மாமா பாக்கறாங்க... அது பாட்டுக்குக் கெடக்கட்டும். இனிமே சைட்டுக்குப் பணம் கட்டப் போறதில்ல, அந்தச் செலவாவது மிச்சம். லைன்ல இருங்க, இன்னொரு போன் வருது."

ஆகவே வாசகர்களே... வெப்சைட்டை மூடிய பிறகுதான் வெப்சைட் தொழில் பிழைத்திருக்கிறது.